கிளையன்ட் பணம் தரவில்லை, கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: ஒரு கம்பெனிக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். மூன்று இன்வாய்ஸ் அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. ‘அடுத்த வாரம் போட்டுவிடுகிறோம்’ என்று வாட்ஸ்ஆப்பில் சொன்னவர்கள் இப்போது போனையே எடுப்பதில்லை. வக்கீல் வைக்காமல் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். வக்கீல் செலவுக்குக் கட்டுப்படியாகாத தொகைகளுக்காகவே ஏற்பட்ட கோர்ட் அது. ஆனால் உச்சவரம்பு உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக 10,000 பவுண்டு. கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500 டாலர். கம்பெனி வழக்குப் போட்டால் 6,250தான். உங்கள் தொகை வரம்பைக் கொஞ்சம் தாண்டினால், மிச்சத்தை விட்டுவிட்டு இங்கேயே முடித்துக்கொள்வது பல நேரம் லாபம்.

பலர் சறுக்குவது யார் மேல் வழக்கு என்பதில்தான். போர்டில் ஒரு பெயர் இருக்கும், பதிவான பெயர் வேறாக இருக்கும். லிமிடெட் கம்பெனி என்றால் கடன் கம்பெனியுடையது. முதலாளி சொந்த ஜாமீன் தராதவரை அவர் மேல் போட்டுப் பயனில்லை, உங்களோடு பேசிய மேனேஜர் மேல் போடவே வேண்டாம். தனி ஆள் நடத்தும் தொழில் என்றால் அவர் பெயரிலேயே போட வேண்டும். கம்பெனிப் பதிவேட்டில் சரியான பெயரை எடுங்கள். கம்பெனியைக் கலைக்கும் வேலை நடக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். நடந்தால் கோர்ட் கட்டணமும் சேர்ந்து போகும்.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்லையே என்று தவிக்காதீர்கள். ‘டிசைன் ஓகே, லைவ் பண்ணிடுங்க’ என்று ஒரு மெயில் இருந்தாலே வேலையை ஏற்றுக்கொண்டார்கள் என்று காட்டலாம். அந்த ‘அடுத்த வாரம்’ வாட்ஸ்ஆப் அதைவிட மதிப்பானது, கடனை அவர்களே ஒப்புக்கொண்ட மாதிரி. தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இனி கேட்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அப்புறம் ஒரு கடைசிக் கடிதம்: இன்வாய்ஸ் எண்கள், மொத்தத் தொகை, இரண்டு வாரக் கெடு, தவறினால் வழக்கு. அவ்வளவுதான். கோபத்தை அதில் கொட்டாதீர்கள், நாளைக்கு அதை நீதிபதியும் படிப்பார். கடிதம் கண்டதும் பணம் போடுகிறவர்களும் உண்டு. சிலர் ‘வேலை சரியில்லை’ என்று எதிர்வழக்கே போடுவார்கள். அதற்கும் அந்த ‘டிசைன் ஓகே’ மெயில்தான் பதில்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஜெயித்தாலும் கோர்ட்டே பணத்தை வாங்கிக் கையில் தந்துவிடாது. அவர்கள் கட்டாவிட்டால், வங்கிக் கணக்கை முடக்கவோ சொத்தை ஜப்தி செய்யவோ நீங்கள்தான் தனியாக மனுப் போட வேண்டும். அவர்கள் முன்பு எப்போதாவது அட்வான்ஸ் அனுப்பியிருந்தால், அது எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று உங்கள் பழைய ஸ்டேட்மெண்டில் பார்த்து இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.