லோடு ஏத்துனா மட்டும் ஃபியூஸ் போகுது, ஏன்?

வண்டி ஒயரிங் பத்தி வாசகர்கள் கேட்டதும் நம்ம பதிலும்

கேள்வி: அண்ணே, என்கிட்ட 11 வருஷமா ஒரு பிக்கப் ஓடிட்டிருக்கு. ரெண்டு மாசமா பார்க்கிங் லைட் ஃபியூஸ் போய்ப் போய் உயிரை வாங்குது. 10 ஆம்ப் சிவப்பு ஃபியூஸ்தான், புதுசு போட்டா ரெண்டு நாள் நல்லா எரியும், மூணாவது நாள் ராத்திரி ஓட்டிட்டுப் போறப்போ டெயில் லேம்ப், நம்பர் பிளேட் லைட், மீட்டருக்குள்ள இருக்கிற லைட் எல்லாம் ஒண்ணா அணைஞ்சிடுது. எலக்ட்ரீஷியன் முதல்ல ஸ்விட்சுன்னாரு, மாத்தினோம், அப்புறம் டெயில் லேம்ப் ஹோல்டர்னாரு, அதையும் மாத்தினோம், இப்போ டேஷ்போர்டைக் கழட்டணும்ங்கிறாரு. காலி வண்டியா ஓட்டுறப்போ ஒரு தொல்லையும் இல்ல, லோடு ஏத்துற அன்னைக்குப் பார்த்துதான் இப்படி ஆகுது, எல்லாம் என் ராசி. 20 ஆம்ப் போட்டு ஓட்டுடான்னு ஃப்ரெண்ட் சொல்றான், போடலாமா?

பதில்: ராசியை விடுங்க தம்பி, புலம்பலோட புலம்பலா நீங்க எழுதின அந்த ஒரு வரிதான் உங்க கேள்விக்குப் பதிலே. லோடு ஏத்துனா மட்டும் போகுதுன்னா, லோடு ஏத்துறப்போ வண்டியில எது அசையுதோ அங்கதான் ஒயர் உரசுது. டேஷ்போர்டு அசையாது. பட்டை ஸ்பிரிங் அழுந்தும், ஆக்ஸில் மேல வரும், பின்னாடி தொட்டி சேசிஸ், அதாவது அடிச்சட்டம் மேல கொஞ்சம் உட்காரும். அதனால டேஷ்போர்டைத் தொட வேணாம், கேபினுக்குப் பின்னாடி சேசிஸ் ஓரமாவே டெயில் லேம்ப் வரைக்கும் போற ஹார்னஸ், அதாவது டேப் சுத்தின ஒயர் கட்டுதான் நம்ம ஆளு.

முதல்ல 20 ஆம்ப் விஷயம். போடாதீங்க. ஃபியூஸ் இருக்கிறது பல்பைக் காப்பாத்த இல்ல, ஒயரைக் காப்பாத்த. அந்த ஒயரோட தடிமனுக்கு 10 ஆம்ப் போதும்னு கணக்குப் பண்ணித்தான் வச்சிருக்காங்க, நீங்க மஞ்சள் கலர் 20-ஐச் சொருகினா ஷார்ட், அதாவது தோல் போன ஒயர் இரும்பைத் தொடுறது, அப்படியேதான் இருக்கும், ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி ஒயர் சூடாகி உருகி பக்கத்து ஒயரோட ஒட்டிக்கும், அப்புறம் ஒரு லைட் பிரச்சினை ஒன்பது லைட் பிரச்சினை ஆகும், தீப்பிடிச்சாலும் ஆச்சரியம் இல்ல. சிகரெட் அட்டை ஜிகினா பேப்பரைச் சுத்தி வைக்கிறவங்களுக்கும் இதே பதில்தான்.

சரி, தேடுறது எப்படி? ஒவ்வொரு தடவையும் புது ஃபியூஸ் போட்டுப் போட்டுப் பார்க்கிறது வேஸ்ட், போன நொடியோட ஆதாரமும் போயிடும். பதிலா ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு எடுங்க, ஹோல்டரோட ரெண்டு ஒயரை இழுத்து ஃபியூஸ் சொருகுற ரெண்டு காலிலேயும் கொடுத்துடுங்க. இப்போ ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்துல பல்பு இருக்கு. ஷார்ட் இருந்தா 12 வோல்ட்டும் அந்தப் பல்பு மேலயே விழுந்து பளிச்சுனு எரியும், கரண்ட் 2 ஆம்ப்பைத் தாண்டாது, ஒயரும் சூடாகாது, மணிக்கணக்கா அப்படியே விட்டுட்டு நிதானமாத் தேடலாம். எல்இடி டெஸ்டர் இதுக்கு ஆகாது, சாதா இழை பல்புதான் வேணும்.

ஒரு விஷயம், பார்க்கிங் லைன்ல இருக்கிற பல்பு எல்லாத்தையும் முன்னாடியே கழட்டிடுங்க. இல்லேன்னா அந்தப் பல்புங்க வழியாவே கரண்ட் ஓடி நம்ம டெஸ்ட் பல்பு அரைகுறையா எரியும், நீங்க ஷார்ட்டுன்னு நினைச்சு ஏமாந்துடுவீங்க. மீட்டர் லைட்டைக் கழட்ட முடியலேன்னா பரவால்ல, அதனால லேசா ஒரு மங்கல் வெளிச்சம் இருக்கும், அது நம்ம ஷார்ட் இல்ல. பளிச்சுனு எரியறதுதான் ஷார்ட். பழகினா கண்ணே சொல்லிடும்.

பார்க்கிங் ஸ்விட்சைப் போட்டுட்டு பின்னாடி போங்க. காலி வண்டியில பல்பு எரியாது, உங்களுக்குத்தான் காலியா இருந்தா ஷார்ட்டே இல்லையே. அதனால லோடு ஏத்தின வண்டியில பாருங்க, இல்ல நாலு பேரை தொட்டியில ஏத்தி குதிக்கச் சொல்லுங்க. ஒருத்தர் ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்துல நின்னு பல்பைப் பார்க்கட்டும், குதிக்கிறப்போ பல்பு மின்னிச்சுன்னா பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் கேபின் ஹார்னஸும் பின்பக்க ஹார்னஸும் சேர்ற கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கிற பிளக்கைக் கழட்டுங்க. பல்பு அணைஞ்சா கோளாறு பின்னாடி, எரிஞ்சிட்டே இருந்தா முன்னாடி. பின்னாடின்னா இடது டெயில் லேம்ப் கப்ளர், வலது, நம்பர் பிளேட், ட்ரெய்லர் சாக்கெட் இருந்தா அதுன்னு ஒண்ணொண்ணாக் கழட்டுங்க, எதைக் கழட்டும்போது அணையுதோ அந்தக் கிளையிலதான் கோளாறு. எதைக் கழட்டியும் அணையலேன்னா மெயின் ஹார்னஸ்லேயே இருக்கு, கையால கொஞ்சம் கொஞ்சமா பிடிச்சு ஆட்டிக்கிட்டே வாங்க, ஒரு இடத்துல பல்பு சிமிட்டும். வண்டிக்கடியில போறப்போ வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்காதீங்க, ஸ்டாண்ட் வைங்க, லோடு வண்டி வேற.

எங்க பார்க்கணும்னா, ஹார்னஸ் சேசிஸ் ஓட்டை வழியா நுழையுற இடத்துல ரப்பர் வளையம் இருக்கணும், 11 வருஷ வண்டின்னா அது காய்ஞ்சு உடைஞ்சிருக்கும், இரும்பு விளிம்பு ஒயரை அரம் மாதிரி அறுக்கும். தொட்டியை சேசிஸோட பிடிக்கிற போல்ட்டுங்க பக்கத்துலேயும் பாருங்க. டெயில் கேட்டுக்குள்ள ஒயர் போச்சுன்னா அது மடங்கி மடங்கித் திறக்குற இடம், தொட்டிக்கு ஷீட் அடிக்கிறப்போ ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம். ஸ்க்ரூ ஒண்ணு ஹார்னஸ் நடுவுல நேராப் போயிருந்ததை நானே பார்த்திருக்கேன், அடிச்சவருக்குத் தெரியவே தெரியாது. ட்ரெய்லர் சாக்கெட்டைத் திறந்தா உள்ள பச்சை பூத்துக் கிடக்கும், அதையும் சந்தேகப்படுங்க.

தேடுறப்போ பெரிய காயத்தை எதிர்பார்க்காதீங்க. கருப்பு டேப்பை உரிச்சா உள்ள ஏழெட்டு ஒயர் ஒழுங்கா இருக்கும், ஒரே ஒரு ஒயர்ல அரிசி நீளத்துக்குத் தோல் தேய்ஞ்சு செம்பு பளபளன்னு தெரியும், அதுக்கு நேரா இரும்புல கடுகளவு கருப்புப் புள்ளி, தீப்பொறி தட்டின அடையாளம். அவ்வளவுதான். அந்தப் புள்ளியைத் தேடி ரெண்டு மாசம் அலைஞ்சிருக்கோம்.

கிடைச்சதும் பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு வேலையை ஆரம்பிங்க. நெகட்டிவ்தான் முதல்ல, ஏன்னா பாசிட்டிவைக் கழட்டுறப்போ ஸ்பானர் பாடில தட்டினா அங்கயே ஒரு வாணவேடிக்கை நடக்கும். செம்பு இழை அறுந்திருந்தா அந்தத் துண்டை வெட்டிட்டு அதே தடிமன் ஒயர் சேர்த்து சால்டர் பண்ணி மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்க. வெறும் இன்சுலேஷன் டேப் சுத்தினா சூட்டுல பசை இளகி அடுத்த மழைக்குள்ள அவிழ்ந்து தொங்கும். அப்புறம் வரிவரியா இருக்கிற கருப்பு பைப்புக்குள்ள ஹார்னஸை விட்டு, ரப்பர் வளையம் புதுசு போட்டு, இரும்பைத் தொடாத மாதிரி கிளிப் அடிச்சு நிறுத்துங்க. இதைச் செய்யாம ஒயரை மட்டும் ஒட்டினா ஆறு மாசத்துல இன்னொரு கடிதம் எழுதுவீங்க.

எப்போ போகுதுன்னு கேட்காம எது போச்சுன்னு மட்டும் கேட்கிற தப்பை நானும் பண்ணியிருக்கேன். ஒரு பிக்கப்ல ரிவர்ஸ் போட்டா ஃபியூஸ் போகும், அதுவும் காலையில போகாது, சாயங்காலம்தான். ஒண்ணரை நாள் ஸ்டியரிங்குக்குக் கீழே தலைகீழாப் படுத்துக் கிடந்தேன். கடைசியில எஞ்சின் நல்லா சூடா இருக்கிறப்போ அடியில போய்ப் பார்த்தா கியர்பாக்ஸ்ல இருக்கிற ரிவர்ஸ் ஸ்விட்ச் ஒயர் தொங்கி சைலன்சர் பைப்புல உட்கார்ந்திருக்கு. அதுக்கு ரெண்டு ஒயர், ஒண்ணு மட்டும்தான் உருகியிருந்தது, ஸ்விட்சைத் தாண்டி லைட்டுக்குப் போற ஒயர், அதனாலதான் ரிவர்ஸ் போட்டா மட்டும் ஷார்ட். உள்ள வர்ற ஒயர் உருகியிருந்தா சாவி போட்டதுமே போயிருக்கும். மூணு வாரத்துக்கு முன்னாடி அந்த வண்டிக்கு கிளட்ச் போட்டு கிளிப்பைத் திரும்ப மாட்ட மறந்த மகானுபாவன் நான்தான், அதை ஓனர்கிட்ட சொல்றதுக்குள்ள வியர்த்துப் போச்சு.

கேள்வி: மல்டிமீட்டர்ல பீப் வச்சுப் பார்த்தா போதாதா சார்? நான் ஃபியூஸ் காலுக்கும் பாடிக்கும் வச்சுப் பார்த்தேன், எங்க வச்சாலும் பீப் அடிக்குது.

பதில்: பல்பு மாட்டியிருக்கும்போதே வச்சுப் பார்த்திருப்பீங்க. இழை பல்பு சூடில்லாதப்போ ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் கம்மி, 21 வாட் பல்பு எரியிறப்போ 7 ஓம் பக்கம் இருக்கும், அணைஞ்சிருக்கிறப்போ அதுல ஒரு சின்னப் பங்குதான், மீட்டருக்கு அது ஷார்ட் மாதிரியே தெரியும். பேட்டரியைக் கழட்டி, பல்பு எல்லாத்தையும் எடுத்துட்டு அப்புறம் வைங்க. அப்போ அடிக்கிற பீப்தான் உண்மை. ஆனா லோடு ஏத்துனா மட்டும் வர்ற மாதிரி விட்டு விட்டு வர்ற ஷார்ட்டை மீட்டர் கோட்டை விட்டுடும், அதுக்கு என் ஓட்டு பல்புக்குத்தான். ஏர்பேக் ஒயர் பக்கம் மட்டும் மீட்டரும் வேணாம் பல்பும் வேணாம், அந்தக் கப்ளருங்க மஞ்சள் கலர்ல இருக்கும், தொடாதீங்க.

கேள்வி: ஃபியூஸ் எதுவும் போகல, ஆனா ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி படுத்துடுது. எங்கயாவது ஷார்ட்டா இருக்குமா?

பதில்: ஷார்ட்டா இருந்தா ஃபியூஸ் போயிருக்கும். இது கசிவு, எதுவோ ஒண்ணு தூங்காம முழிச்சிட்டிருக்கு. நெகட்டிவ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் பேட்டரி டெர்மினலுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்ப் சாக்கெட்ல போட்டு வைங்க, கதவு எல்லாம் மூடியிருக்கணும். அந்த நேரத்துல தப்பித்தவறி ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும். கம்ப்யூட்டர் எல்லாம் தூங்குறதுக்கு அரை மணி நேரத்துக்கு மேல கூட ஆகும், அதுவரை பொறுமையா இருங்க. 50 மில்லி ஆம்ப்புக்குக் கீழே நின்னா பொதுவா பரவால்ல. 1 ஆம்ப் போகுதுன்னா ஒரு நாளைக்கு 24 ஆம்ப் அவர், ரெண்டு நாள்ல 48, உங்க 75 ஆம்ப் அவர் பேட்டரி அப்புறம் எங்க செல்ஃப் அடிக்கும்? மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஃபியூஸை ஒண்ணொண்ணா உருவுங்க, எதை உருவும்போது நம்பர் சட்டுனு இறங்குதோ அந்த லைன். எதை உருவியும் இறங்கலேன்னா பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரோட டையோடையும் சந்தேகப்படுங்க. பின்னால சேர்த்து மாட்டின ஆம்ப்ளிஃபையர், ட்ராக்கர் இதெல்லாம் ஃபியூஸ் பாக்ஸைச் சுத்திக்கிட்டு நேரா பேட்டரியிலேர்ந்தே எடுத்திருப்பாங்க, அதை முதல்லயே கழட்டிட்டுத் தேடினா பாதி நேரம் மிச்சம்.

கேள்வி: பிரேக் மிதிச்சா இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது. ஒயர் ஒட்டிக்கிச்சா?

பதில்: ஒட்டல, எர்த் போச்சு. அந்த லேம்ப்போட எர்த் துருப்பிடிச்சதால கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லாம பக்கத்துப் பல்பு வழியா சுத்திப் போகுது. டெயில் லேம்ப்லேர்ந்து பாடிக்குப் போற கருப்பு ஒயரைத் தேடுங்க, கலர் வண்டிக்கு வண்டி மாறும், ஸ்க்ரூவைக் கழட்டி இரும்பு தெரியுற வரைக்கும் உப்புத்தாள்ல தேய்ச்சு முறுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவிடுங்க. சந்தேகமா இருந்தா அதுக்கு முன்னாடி ஒரு ஒயரை பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து நேரா அந்த லேம்ப் எர்த்துக்குக் கொடுத்துப் பாருங்க, பிரேக் பளிச்சுனு எரிஞ்சு இண்டிகேட்டர் அடங்கிடுச்சுன்னா வேற எதையும் கழட்ட வேண்டியதில்ல.