மறக்காமல் மேசையைத் தட்டு: வாசகர் கேள்வி–பதில்

கே: ‘பிறகு செய்ய வேண்டியதை’ ஞாபகம் வைத்துக்கொள்ளும் விளையாட்டு ஒன்று உண்டாமே! வீட்டிலேயே ஆட முடியுமா?

ப: ஒரு சீட்டுக்கட்டு போதும். ஜோக்கர், ஜாக்கி, ராணி, ராஜா எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மீதி 40 சீட்டு. ஏஸுக்கு மதிப்பு 1. ஆடுபவர் ஒவ்வொரு சீட்டாகத் திருப்பி, அதையும் முந்தைய சீட்டையும் கூட்டி உரக்கச் சொல்ல வேண்டும். சீட்டுக்கு இரண்டு, மூன்று விநாடிதான். அதோடு, 7 எண் சீட்டு வந்தால் மேசையை ஒருமுறை தட்ட வேண்டும். அடுத்த சீட்டைத் திருப்புவதற்குள் தட்டினால் 1 மதிப்பெண், தாமதமாக ஞாபகம் வந்தால் அரை.

விதியைச் சொன்ன கையோடு ஆட்டத்தைத் தொடங்கிவிடாதீர்கள். 5 நிமிடம் வேறு பேச்சில் இழுத்துவிட்டு, தட்டுவதைப் பற்றி மூச்சு விடாமல் சீட்டைக் கையில் கொடுங்கள். “ஒன்பதும் ஏழும் பதினாறு” என்று கணக்கைச் சரியாகச் சொன்னவரின் கை அப்படியே மேசையில் கிடக்கும். விதி என்ன என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வார். உரிய நேரத்தில் அது தலைதூக்கவில்லை, அவ்வளவுதான். மதிப்பெண் போடுபவர் தாளைப் பார்த்தபடி இருக்கட்டும். 7 வந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கே: 7-க்குப் பதிலாக ஆர்ட்டின் சீட்டு எது வந்தாலும் தட்டலாமா? ஆட்டம் கடினமாகுமே?

ப: எளிதாகிவிடும். 40-இல் 10 சீட்டு ஆர்ட்டின். அடிக்கடி வருவதால் ஒவ்வொரு தட்டலும் அடுத்ததை ஞாபகப்படுத்தும். மறக்க இடைவெளியே இருக்காது. கடினமாக வேண்டுமென்றால், ஒரே சின்னத்தில் அடுத்தடுத்து மூன்று சீட்டு வந்தால் தட்டச் சொல்லுங்கள். ஒரு சுற்றில் சராசரியாக இரண்டு தடவைகூட வராது. சில சுற்றில் வரவே வராது. கூட்டும்போது கண் எண்ணில்தான் இருக்கும். ஏழு அந்த வழியிலேயே வந்துவிடுகிறது. சின்னத்தையோ தனியாகப் பார்க்க வேண்டும். அதனால் கூட்டல் வேகம் குறைவதையும் கவனிக்கலாம். ஒரு வேலையின் நடுவே இன்னொன்றை ஒளித்துவைத்துச் சோதிக்கும் இந்த முறையை 1990-இல் ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற உளவியலாளர்கள் பிரபலமாக்கினார்கள். (இவர் கில்ஸ் ஐன்ஸ்டைன், இயற்பியல்காரர் அல்ல!)

கே: சீட்டு இல்லாமல் நேரத்தை வைத்து ஆடலாமா?

ப: தாராளமாக. கடிகாரத்தை ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டே 3 நிமிடத்துக்கு ஒருமுறை தட்ட வேண்டும். 10 விநாடி முன்பின் போகலாம். எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடுபவர் இடையில் அதிகம் பார்க்கமாட்டார், கடைசி நிமிடத்தில் அடிக்கடி திரும்புவார். போன் அலாரம் வைத்தால் ஆட்டமே இல்லை.

கே: என் அப்பாவுக்கு 70 வயது. மாத்திரையை ஒருநாளும் மறந்ததில்லை. இந்த மாதிரி ஆட்டத்தில் மட்டும் எங்களிடம் தோற்றுப்போகிறார். கவலைப்பட வேண்டுமா?

ப: இதை வைத்துக் கவலைப்பட வேண்டாம். ஆய்வகச் சோதனைகளில் இளையவர்கள் முந்துவதும், அன்றாட வேலைகளில் முதியவர்கள் முந்துவதும் பல ஆய்வுகளில் கண்ட முரண்தான். ஆட்டம் வேகம் கேட்கிறது. மாத்திரைக்கோ சாப்பாட்டு நேரமும் டப்பாவும் துணை. சீட்டுக்கு நான்கைந்து விநாடி கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அன்றாட வேலைகளே புதிதாகத் தவற ஆரம்பித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட்ட மதிப்பெண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது.

கே: தினமும் ஆடினால் மறதி போய்விடுமா?

ப: ஆட்டத்தில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அது அப்படியே அன்றாட வாழ்க்கைக்கும் வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். கைகொடுப்பது ஆட்டத்தின் அமைப்புதான்: ‘7 வந்தால் தட்டு’. ‘இன்று எப்படியாவது கடிதத்தைப் போட்டுவிட வேண்டும்’ என்று நினைப்பதைவிட, ‘செருப்பு மாட்டும்போது கடிதத்தை எடுப்பேன்’ என்று சமயத்தையும் செயலையும் சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்வது பலன் தரும். இப்படித் திட்டமிடுவதன் பலனைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அடையாளமாக எடுத்துக்கொள்வது கட்டாயம் கண்ணில் படுவதாக இருக்க வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்பது அடையாளமே அல்ல.