ஆப்பிளா, கேரட்டா? டெல்லிக் குளிர்காலத்தில் குழந்தைக்கு எதைக் கொடுப்பது

கேள்வி: என் ஆறு வயது மகள் கண்ணாடி போட்டிருக்கிறாள். தினம் ஒரு டம்ளர் கேரட் ஜூஸ் கொடுத்தால் பவர் இறங்கிவிடும் என்கிறார் மாமியார். நான் டிபன் டப்பாவில் ஆப்பிள்தான் வைக்கிறேன். இரண்டில் எதில் சத்து அதிகம்?
– ஒரு வாசகி, மயூர் விஹார்

பதில்: முதலில் கண்ணாடி விஷயம். இந்த வயதில் கண்ணாடி தேவைப்படுவது பெரும்பாலும் கண்ணின் வடிவத்தால்தான். எந்தக் காயும் அந்த வடிவத்தை மாற்றாது, பவரையும் இறக்காது. வைட்டமின் ஏ குறைந்தால் வருவது மாலைக்கண். கேரட் உதவுவது அங்கேதான். டாக்டர் சொன்னபடி கண்ணாடியைத் தொடர்ந்து போடட்டும்.

சரி, சத்துக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் ஆரஞ்சு நிறக் கேரட்டில் கிடைக்கும் வைட்டமின் ஏ சுமார் 835 மைக்ரோகிராம். அதே எடை ஆப்பிளில் 3 மைக்ரோகிராம்தான். பொட்டாசியம் கேரட்டில் 320 மில்லிகிராம், ஆப்பிளில் 107. சர்க்கரையோ ஆப்பிளில் 10 கிராம், கேரட்டில் அதில் பாதிகூட இல்லை. நார்ச்சத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமம், ஆப்பிளைத் தோலோடு தின்றால். விலை அதிகம் என்பதாலேயே ஆப்பிளில் சத்தும் அதிகம் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அது சரியல்ல.

குளிர்காலத்தில் உங்கள் பக்கம் தள்ளுவண்டியில் குவியும் நீளமான சிவப்புக் கேரட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தச் சிவப்பு, தக்காளியில் இருக்கும் அதே லைகோபீன். அது நல்ல சத்துதான், ஆனால் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறாது. அப்படி மாறும் பீட்டா கரோட்டின் ஆரஞ்சுக் கேரட்டைவிட இதில் குறைவு. ஆனாலும் ஆப்பிளைவிடப் பல மடங்கு. மலிவாகவும் இனிப்பாகவும் கிடைக்கும் இந்த மாதங்களில் தாராளமாக வாங்குங்கள்.

ஜூஸ் மட்டும் வேண்டாம். பிழிந்து வடிகட்டும்போது நார் போய்விடுகிறது, ஒரு டம்ளருக்கு நாலைந்து கேரட்டின் சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாக ஏறும். அரைக் கேரட்டைத் துருவி, கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ தூவிய பொரியலாகச் செய்து தாருங்கள். வேகும்போது அதன் திசுக்கள் இளகுவதால் பச்சையாகத் தின்பதைவிட அதிகம் கிடைக்கும். மாமியாரிடமும் இதையே சொல்லுங்கள்; கேரட் கொடுக்க வேண்டும் என்று அவர் சொன்னது நல்ல யோசனைதான்.

ஆப்பிளை நிறுத்தவும் தேவையில்லை. டப்பாவில் வைக்க வசதி, பிள்ளைகளும் விரும்பித் தின்பார்கள். ஆனால் பழம் என்ற வகையில் என் ஓட்டு கொய்யாவுக்கு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, ஆப்பிளில் 5 மில்லிகிராம்கூடத் தேறாது. பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேர இந்த வைட்டமின் சி உதவும். டெல்லிக் குளிரில் நல்ல கொய்யா வரும்போது, வாரத்தில் பாதி நாள் ஆப்பிளுக்குப் பதில் அதை வையுங்கள்.

அப்புறம், வீட்டில் நாலு வயதுக்குக் கீழ் பிள்ளை இருந்தால் பச்சைக் கேரட்டையோ ஆப்பிளையோ துண்டாகக் கையில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். தினமும் நிறையக் கேரட் தின்று உள்ளங்கை மஞ்சளானால் பயப்பட வேண்டாம், குறைத்தால் சில வாரங்களில் மறைந்துவிடும். கண்ணின் வெள்ளைப் பகுதியும் மஞ்சளாக இருந்தால் அது கேரட்டால் வந்ததல்ல. உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.