ரீமேட்ச்ல பிளான மாத்தினா ரிசல்ட் மாறுமா? குத்துச்சண்டை கேள்வி பதில்

ரீமேட்ச், அதாவது அதே ரெண்டு பேர் திரும்ப மோதற சண்டை, அத பத்தி வந்த கேள்விங்கள ஒண்ணொண்ணா எடுத்துக்கறேன், சிலதுக்கு பதில் நீளமாத்தான் போகும், பொறுமையா படிங்க.

கேள்வி: அண்ணா, தோத்தவர் ரீமேட்ச்ல ஜெயிச்சா உடனே "டாக்டிக்ஸ மாத்திட்டாரு"ன்னு சொல்றாங்களே, நிஜமாவே அதான் காரணமா?

பாதி ஆமா தம்பி. 1980 ஜூன்ல மான்ட்ரியால்ல ஷுகர் ரே லெனார்ட் ராபர்ட்டோ டுரான் கிட்ட 15 ரவுண்டு ஆடி தோத்தாரு. டுரான் சீண்டினதுல சூடாகி, கால நிறுத்திட்டு நேருக்கு நேர் நின்னு மோதினாரு, அது டுரானோட ஆட்டம், அதுல போய் அவர ஜெயிக்கறது ரொம்ப கஷ்டம். அஞ்சு மாசம் கழிச்சு நியூ ஆர்லியன்ஸ்ல அதே லெனார்ட் சுத்தி சுத்தி வந்து, டுரான் பாஞ்சா ஒதுங்கி, அவர் திரும்பறதுக்குள்ள குத்தி, மூஞ்சிய நீட்டி வெறுப்பேத்தி, 8வது ரவுண்டுல டுரானே போதும்னு திரும்பிட்டாரு. இத மட்டும் பாத்தா டாக்டிக்ஸ் தான் எல்லாம்னு தோணும். ஆனா டுரான் நடுவுல ஏகப்பட்ட வெயிட் போட்டு அத அவசர அவசரமா குறைச்சிட்டு வந்திருந்தாரு, லெனார்ட் ரீமேட்ச சீக்கிரமா வைக்கணும்னு நின்னதும் அதனால தான். இன்னொண்ணு, சண்டை நின்னப்போ மூணு ஜட்ஜ் கார்டுலயும் லெனார்ட் ஒண்ணு ரெண்டு பாயின்ட் தான் முன்னாடி இருந்தாரு, அவ்ளோ நெருக்கம். பிளான் சரியா இருந்துச்சு, எதிராளி உடம்பு சரியா இல்ல, ரெண்டும் ஒரே ராத்திரில சேந்துச்சு.

கேள்வி: அப்ப ஆண்டனி ஜோஷுவா-ஆண்டி ரூயிஸும் அதே கதை தானா? ரூயிஸ் குண்டா வந்ததால தான் தோத்தாரு, ஜோஷுவா பிளான்லாம் சும்மான்னு என் ஃப்ரெண்டு அடிச்சு சொல்றான்.

உங்க ஃப்ரெண்டு பாதிய விட்டுட்டாரு. 2019 ஜூன்ல நியூயார்க்ல ஜோஷுவா நாலு தடவ கீழ விழுந்து 7வது ரவுண்டுல தோத்தாரு, அது எங்க ஆரம்பிச்சதுன்னு 3வது ரவுண்ட போட்டு பாருங்க, ரூயிஸ கீழ தள்ளின உடனே முடிச்சிடலாம்னு கிட்டப் போய் மாத்தி மாத்தி குத்தினாரு, கை வேகத்துல ரூயிஸ் அவர விட ரொம்ப மேல, அங்க தான் மாட்டினாரு. டிசம்பர்ல சவூதில நடந்த ரீமேட்ச்ல 12 ரவுண்டும் அந்த ஒரு தப்ப மட்டும் அவர் செய்யல, ஜாப் (முன் கையால நேரா போடற வேகமான குத்து) போடு, நகரு, கிட்ட வந்தா கட்டிப்பிடி, திரும்ப ஜாப் போடு. நிறைய பேர் போர் அடிக்குதுன்னு திட்டினாங்க, எனக்கு அந்த சண்டை ரொம்பப் பிடிக்கும், ஏன்னா கூட்டம் கத்தும்போது ஆசைய அடக்கி 36 நிமிஷம் ஒரே வேலைய செய்யறது அவ்ளோ கஷ்டம். ரூயிஸ் 268 பவுண்டுல இருந்து 283க்கு ஏறினது உண்மை, அது ஜோஷுவாவுக்கு லாபமும் தான். ஆனா ஜோஷுவாவும் சுமார் 10 பவுண்டு குறைச்சாரே, அது எதுக்கு? நகர்ந்துகிட்டே இருக்கணும்னா அந்த உடம்பு தான் வேணும். புது பிளான் வேணும்னா அதுக்கு ஏத்த உடம்ப கேம்ப்லயே தயார் பண்ணணும், எல்லாரும் மறந்துடறது இதத் தான்.

கேள்வி: டைசன் ஃபியூரி மட்டும் ஏன் வெயிட்ட ஏத்தினாரு?

அவருக்கு வேண்டியது நேர் எதிர். 2018ல டியான்டே வைல்டர் கூட டிரா, பாக்ஸிங்ல ஃபியூரி தான் நல்லா ஆடினாரு, ஆனா 9வதுலயும் 12வதுலயும் கீழ விழுந்தாரு. வைல்டரோட வலது கைக்கு தூரம் வேணும், முன்னால வரவும் இடம் வேணும், பின்னாடி போய்கிட்டே குத்தினா அதுல பாதி பலம் கூட இருக்காது. அதனால 2020 பிப்ரவரில ஃபியூரி ட்ரெய்னர மாத்தி, 273 பவுண்டுக்கு ஏறி வந்து, மேல மேல சாஞ்சு தள்ளிகிட்டே போனாரு, 7வது ரவுண்டுல வைல்டர் கார்னர்ல இருந்து, சண்டைய நிறுத்துங்கன்னு துண்டு வந்து விழுந்துச்சு. எதிராளி எத நம்பி ரிங்குக்குள்ள வர்றாரோ அத எடுத்துடணும், டாக்டிக்ஸ் மாத்தறதுன்னா எனக்கு அதான்.

கேள்வி: பிளான மாத்தியும் தோத்தவங்க இல்லையா சார்?

நிறைய. ஜோஷுவாவே உசிக் கிட்ட 2021ல தோத்து, 2022ல புது ட்ரெய்னரோட வந்து உடம்புக்கு நல்லா குத்தினாரு, முதல் சண்டைய விட எவ்ளோவோ நல்லா ஆடினாரு, 9வது ரவுண்டுல உசிக்கே தடுமாறினாரு. அடுத்த ரவுண்டுலயே உசிக் கியர மாத்தி திரும்ப வந்துட்டாரு, ஸ்ப்ளிட் டெசிஷன்ல (மூணு ஜட்ஜ்ல ரெண்டு பேர் அவர் பக்கம்) ஜெயிச்சாரு. நம்ம மாத்தும்போது அவரும் மாத்துவாரு இல்லையா. லிஸ்டன்-பேட்டர்சன் இன்னும் மோசம், பேட்டர்சன் 1962ல 2 நிமிஷம் 6 செகண்டுல நாக்கவுட், 1963 ரீமேட்ச்ல 2 நிமிஷம் 10 செகண்டுல நாக்கவுட். பலத்துல அவ்ளோ வித்தியாசம் இருந்தா எந்த பிளானும் எடுபடறதுக்கு நேரமே கிடைக்காது.

கேள்வி: முதல் தடவ ஜெயிச்சவர் அதே மாதிரி ஆடினா போதாதா?

போதாது. 1936ல ஷ்மெலிங், ஜோ லூயிஸ் ஜாப் போட்டதும் இடது கைய தாழ்த்தறத கண்டுபிடிச்சு, பொறுமையா காத்திருந்து மேல வலது கைய போட்டு 12வது ரவுண்டுல சாய்ச்சாரு. 1938ல லூயிஸ் அந்த காத்திருக்கற நேரத்தையே குடுக்கல, பெல் அடிச்சதும் பாஞ்சு 124 செகண்டுல முடிச்சாரு. தோத்தவர் அந்த சண்டைய மனசுக்குள்ள நூறு தடவ ஓட்டிப் பாப்பாரு, ஜெயிச்சவர் அப்படி பாக்க மாட்டாரு.

கேள்வி: ட்ரெய்னர மாத்தினா?

எதிராளிக்கு பிளான் போட்டவரையே கூட்டிட்டு வரலாம். 1994ல லெனாக்ஸ் லூயிஸ சாய்ச்ச மெக்காலுக்கு கார்னர்ல ட்ரெய்னரா இருந்தது இமானுவேல் ஸ்டூவர்ட், அப்புறம் லூயிஸ் அவரையே எடுத்துகிட்டாரு. ஆனா 1997 ரீமேட்ச்ல மெக்கால் ரிங்லயே மனசு உடைஞ்சு அழுதுட்டாரு, அத வச்சு ட்ரெய்னர எடை போடாதீங்க.

கேள்வி: அண்ணா, நான் அமெச்சூர். ஒரு சவுத்பா (வலது கால முன்னாடி வச்சு நிக்கற இடது கை ஆட்டக்காரன்) கிட்ட பாயின்ட்ல தோத்தேன், மூணு வாரத்துல திரும்ப அவன் தான். நானும் சவுத்பாவா நிக்கட்டுமா?

வேணாம்பா, தயவு செஞ்சு வேணாம். மூணு வாரத்துல ஸ்டான்ஸ் (நிக்கற விதம்) மாறாது, அடி விழுந்ததும் கால் தன்னால பழைய இடத்துக்குத் தான் போகும். ஒரே ஒரு விஷயத்த மாத்து. உன் இடது கால் அவன் வலது காலுக்கு வெளிப்பக்கம் இருக்கணும், அங்க இருந்து ஜாப் இல்லாமலே வலது கைய நேரா போடு, போட்டதும் உன் இடது பக்கமா விலகிடு, உன் வலது பக்கம் போனா அவனோட இடது கைக்கு நேரா போய் நிப்ப. ஸ்பாரிங்குக்கு (பயிற்சி சண்டைக்கு) கண்டிப்பா ஒரு சவுத்பாவ தேடிப் பிடி, முதல் வாரம் மெதுவா கால மட்டும் பழகு, அப்புறம் வேகம். உனக்கு மூணே ரவுண்டு தான், அதனால இது முதல் நிமிஷத்துலயே வரணும். அப்புறம் போன சண்டையோட வீடியோ இருந்தா, அவன் கிட்ட அடி வாங்கின ஒவ்வொரு தடவையும் நிறுத்தி உன் கால் எங்க இருக்குன்னு பாரு, பாத்துட்டு வந்து எனக்கு சொல்லு.