வீடு கட்டும் முன் பொறியாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் உள்ள பழைய வீட்டை இடித்துவிட்டு, மாடியுடன் புது வீடு கட்டவிருக்கிறோம். காலநிலை மாற்றத்தைச் சமாளிப்பதில் சிவில் பொறியாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். எங்கள் வீட்டளவில் பொறியாளரிடம் என்ன கேட்டுப் பெற வேண்டும்?

பதில்: மண் பரிசோதனை அறிக்கையை முதலில் கேளுங்கள். அது இல்லாமல் வரைபடம் போடுபவர், ஒன்று பயந்துகொண்டு அஸ்திவாரத்தைத் தேவைக்கு மேல் பெரிதாக்குவார்; அல்லது பக்கத்து வீட்டுக்குப் போட்டதையே உங்களுக்கும் போடுவார். பின்னது ஆபத்தானது; முன்னது சிமென்ட்டையும் கம்பியையும் வீணாக மண்ணில் புதைப்பது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. சூளையில் எரியும் எரிபொருளைவிட, சூட்டில் சிதையும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து பிரியும் வாயுவே அதில் அதிகம் என்பதால், எரிபொருளை மாற்றினால் மட்டும் இது தீராது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுப் பெறும் கிளிங்கர்தான் அரைபட்டுச் சிமென்ட்டாகிறது; அதன் அளவைக் குறைத்தாக வேண்டும்.

ஆகவே பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட்டை எழுத்தில் குறிப்பிடச் சொல்லுங்கள். அதில் கிளிங்கருக்குப் பதிலாக 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கப்படுகிறது. சாம்பல் கலக்காத சாதாரண சிமென்ட்டான ஓபிசி (OPC) 53 கிரேடுதான் உறுதி என்று மேஸ்திரி சொல்லக்கூடும். பிபிசி தொடக்கத்தில் மெதுவாக இறுகுவது உண்மைதான். ஆனால் ஒழுங்காக நனைத்தால் பின்னாளில் உறுதி குறையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456, இதற்குக் குறைந்தது 10 நாள் கியூரிங், அதாவது ஈரமாக வைத்திருப்பதை, கேட்கிறது. நான் 14 நாள் கேட்பேன். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துபவர்கள்கூடத் தூண்களை மறந்துவிடுகிறார்கள். தூணில் சுற்றிய சாக்கு மத்தியானத்திலும் ஈரமாக இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும் நாளையும் பொறியாளரே குறித்துத் தரட்டும்.

அடுத்தது தண்ணீர். 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய இதே நகரம், 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழும் நீர் ஏறத்தாழ 1.3 லட்சம் லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்றாலும், பல வீடுகளில் அது அனுமதிக்காகத் தோண்டிய குழியாகவே நின்றுவிட்டது. உங்கள் பகுதி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு அருகில் இருப்பதால், களிமண்ணில் முடியும் ஆழமற்ற குழி நீரை உறிஞ்சாது. களிமண்ணுக்குக் கீழே மணல் அடுக்கு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதையும் அதே மண் பரிசோதனை அறிக்கை சொல்லிவிடும். மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் உறைக்கிணற்றின் ஆழத்தை அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்குமானால் கிணறு நிறைந்துவிடும்; எனவே மாடி நீர் வடிகட்டி வழியாக முதலில் பெரிய சம்ப்புக்கும், மிகுதி மட்டும் கிணற்றுக்கும் போகட்டும்.

பழைய சுவரை இடிக்கும் முன், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் நின்ற கறை தெரிந்தால், தெரு மட்டத்திலிருந்து அதன் உயரத்தை அளந்து பொறியாளரிடம் கொடுங்கள். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டால் தெரு உயர்ந்துகொண்டே போகும் என்பதால், தரைமட்டம் அந்தக் கறைக்கும் மேலே இருக்க வேண்டும். ஆனால் வீட்டை மட்டும் உயர்த்துங்கள்; சுற்றியுள்ள வெற்றிடத்தை மண் கொட்டி மேடாக்கி, சிமென்ட் தளம் போட்டுவிட்டால், உங்கள் வாசல் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும். மாடியில் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு பதிப்பதும், மீட்டர் பெட்டியையும் மோட்டார் சுவிட்சையும் கறையைவிட உயரத்தில் வைப்பதும் மதிப்பீட்டிலேயே இடம்பெறட்டும்.