டாங்கோவில் அழுவது யார்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அர்ஜென்டினாவின் டாங்கோ இசை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்தப் பாடல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடிப் படித்தேன். ஏமாற்றம்தான். அவள் போய்விட்டாள், இவன் குடிக்கிறான், புலம்புகிறான். போனவள் எப்படிப்பட்டவள், ஏன் போனாள் என்று ஒருவரும் சொல்வதில்லை. இதில் என்ன கவிதை இருக்கிறது?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

புலம்பல்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல பாடல்களில் புலம்புவது யார் என்று பாருங்கள்.

1917இல் பாடகர் கார்லோஸ் கார்தேல் பதிவு செய்த 'மி நோச்சே திரிஸ்தே' ('என் சோக இரவு') பாட்டை எடுத்துக்கொள்வோம். ஏற்கெனவே இருந்த ஒரு மெட்டுக்குப் பஸ்குவால் கொந்தூர்சி எழுதிய வரிகள். காதல் சோகத்தைப் பாடும் டாங்கோ இதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். ஒருத்தி விட்டுப்போன வாடகை அறை. கண்ணாடி அழுததுபோல் மங்கிக் கிடக்கிறது. கட்டில், இருவரையும் சேர்த்துப் பார்க்க முடியாத கோபத்தில் இருக்கிறது. கிதார் அலமாரியில் தொங்குகிறது. விளக்கு எரிய மாட்டேன் என்கிறது. அவன்? மாத்தே என்ற மூலிகைத் தேநீரோடு சாப்பிட இன்னமும் பிஸ்கட் வாங்கி வருகிறான். ஒருவேளை வந்துவிடுவாளோ என்று ராத்திரி கதவைச் சாத்தாமல் படுக்கிறான். அழுகையைத் தட்டுமுட்டுச் சாமான்களிடம் ஒப்படைத்துவிட்ட பாட்டு இது.

இதே கொந்தூர்சி, என்ரிக்கே மரோனியோடு சேர்ந்து 1924இல் 'லா கும்பர்சீத்தா' என்ற மெட்டுக்கு எழுதிய வரிகளில் ஒரு நாய்க்குட்டி வரும். அவள் இல்லாத ஏக்கத்தில் சாப்பிடாமல் கிடந்த அது, இவன் தனியாக இருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அதுவும் போய்விடுகிறது. சிரிப்பு வந்தால் தப்பில்லை, எனக்கும் வரும்.

போனவளுக்கு முகம் இல்லை என்கிறீர்கள். சரிதான். சில பாடல்களில் அவளுக்கு முகம் கிடைக்கிறது, அது இன்னும் மோசம். திஸ்செப்போலோ என்ற பாடலாசிரியர் 1928இல் எழுதிய ஒரு டாங்கோவில், பத்து வருஷத்துக்கு முன் தன்னைப் பித்தாக்கியவள் விடியற்காலையில் கபரே என்ற இரவு விடுதியிலிருந்து தளர்ந்து வெளியே வருவதை ஒருவன் பார்க்கிறான். இவளுக்காகவா அம்மாவின் ரொட்டியைப் பிடுங்கினோம் என்று குமுறுகிறான். அவள் மூப்பைப் பற்றி அவன் சொல்வது கொடூரம். அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் டாங்கோ வளர்ந்த ஊரையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1914 கணக்கெடுப்பின்போது அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் ஏறக்குறையப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், பெரும்பாலும் இத்தாலி, ஸ்பெயின். தனி ஆண்கள் ஏராளம். விட்டுவந்த ஊர், வீடு, அம்மா எல்லாவற்றையும் ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி அழுது தீர்த்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. முகம் தெளிவாக இருந்திருந்தால் இத்தனை பேர் அவளைத் தங்களவளாக நினைத்திருக்க முடியாது.

இந்தக் கணிப்புக்கு எனக்குப் பெரிய துணை 'சூர்' என்ற பாட்டு. 1948, வரிகள் ஓமெரோ மான்சி, இசை அனிபால் த்ரோய்லோ. அந்த ஊரின் சான் ஹுவான், போயெதோ தெருக்கள் சந்திக்கும் முனையில் தொடங்குகிறது. பழைய காதலி வருகிறாள், ஆனால் அவளுடைய கூந்தல், பெயர், இருபது வயது, திருடிய ஒரு முத்தம், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கொல்லன் பட்டறை முக்கு, சேறு, வாய்க்கால், புல் வாசனை, மளிகைக்கடை வெளிச்சம். கடைக் கண்ணாடியில் சாய்ந்து உனக்காகக் காத்திருந்தவனை இனி நீ பார்க்கப் போவதில்லை என்கிறான். அப்புறம் தெருக்கள், புறநகர் நிலாக்கள், என் காதல், உன் ஜன்னல் என்று அடுக்கி, எல்லாம் செத்துவிட்டது, தெரியும் என்கிறான். காதலும் ஜன்னலும் ஒரே வரிசையில். கொந்தூர்சியின் ஆள் கதவைத் திறந்து வைத்திருந்தான். இவனுக்குத் திறந்து வைக்கக் கதவே இல்லை, பேட்டையே மாறிவிட்டது.

மொழிபெயர்ப்பைப் படித்ததோடு விடாதீர்கள். த்ரோய்லோ குழுவோடு எத்முந்தோ ரிவெரோ பாடிய பதிவைத் தேடிக் கேளுங்கள். கனத்த அடிக்குரல், ஓரிடத்திலும் அழ மாட்டார்.