முதல் நெடும்பயணம் ரயிலில்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். யாழ்ப்பாணத்துக்கு இதுவரை இரவு பஸ்ஸில்தான் போய் வந்திருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது வயதாகிவிட்டது. முழங்கால் வலியால் பஸ்ஸில் காலை மடக்கியபடி இருக்க அவரால் முடியவில்லை. வரும் பாடசாலை விடுமுறையில் அவரையும் இரண்டு பிள்ளைகளையும் ரயிலில் கூட்டிப் போக நினைக்கிறேன். பகல் ரயிலா, இரவு ரயிலா? எந்த வகுப்பு? ஜன்னலோரம் என்றால் எந்தப் பக்கம் நல்லது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பகல் ரயிலில், இரண்டாம் வகுப்பில், ஆசனங்களை முன்பதிவு செய்துகொண்டு போங்கள். இரவுத் தபால் ரயிலில் படுக்கை வசதி உண்டு என்பது உண்மையே. ஆனால் ஆடிக்கொண்டு போகும் பெட்டியில், பழக்கமில்லாத வெளிச்சத்தில், முழங்கால் வலியுள்ள ஒருவரை நள்ளிரவில் கழிவறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது முதற்பயணத்திலேயே வேண்டாத சோதனை. பகலில் அம்மா விரும்பிய நேரத்தில் எழுந்து, இருக்கைகளின் முதுகைப் பிடித்தபடி பெட்டியின் நீளத்துக்கு மெதுவாக நடந்து வரலாம்; முழங்காலுக்கு அதைவிட நல்ல மருந்து வழியில் கிடைக்காது. குளிரூட்டிய முதலாம் வகுப்பை நான் இரண்டாவதாகவே சொல்வேன். அம்மாவுக்கு வெக்கை ஆகாது என்றால் அதையே எடுங்கள்; இல்லாவிட்டால், திறக்க முடியாத கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளைகளை ஏழெட்டு மணித்தியாலம் அடைத்து வைக்க வேண்டியதில்லை.

ஆசனப் பதிவு பொதுவாகப் பயண நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னர் திறக்கப்படும். புகையிரதத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் கோட்டைப் புகையிரத நிலையத்தின் முன்பதிவுக் கருமபீடத்திலும் பதியலாம். பாடசாலை விடுமுறை, நல்லூர்த் திருவிழா, தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு ஆகிய காலங்களில், திறந்த அன்றே பதியாதவருக்கு ஆசனம் கிடைப்பது அரிது. சீட்டுகளை மொத்தமாக வாங்கிக் கூடிய விலைக்கு விற்பவர்களைத் தடுப்பதற்காக 2025ஆம் ஆண்டிலிருந்து பயணியின் அடையாள அட்டை இலக்கமும் கேட்கப்படுகிறது. எனவே பதியும்போது கொடுத்த அதே அட்டையைப் பயணத்தன்று கைப்பையில் வைத்திருங்கள். நிலைய வாசலில் “ரிக்கற் இருக்கு” என்று அருகில் வருபவரிடம் வாங்காதீர்கள்.

பக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள். காலையில் புறப்படும் ரயில் பெரும்பாலும் வடக்கு நோக்கிப் போவதால் வெயில் வலப்பக்கத்தில், அதாவது கிழக்கில், அடிக்கும். போகும் திசையில் இடப்பக்க ஆசனங்களை எடுத்தால் நண்பகல் வரை நிழலில் இருக்கலாம். பிற்பகல் ரயிலாயின் இதையே மாற்றிக்கொள்ளுங்கள்.

கோட்டை நிலையத்தில் உங்களுக்குள்ள உண்மையான சிரமம் மேம்பாலப் படிகள்தான். முக்கால் மணித்தியாலம் முன்னதாகப் போய், ரயில் எந்த மேடைக்கு வரும் என்பதைக் கருமபீடத்திலேயே கேட்டுக்கொண்டு, கூட்டம் சேருமுன் அம்மாவைப் படியேற்றி இறக்கி, மேடையில் உட்கார வைத்துவிடுங்கள். ஒலிபெருக்கியில் தமிழிலும் அறிவிப்பார்கள். இரைச்சலில் அது தெளிவாகக் கேட்கும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வடபகுதி ரயில்களுட் சில கல்கிசையிலிருந்து புறப்பட்டதும் உண்டு. நீங்கள் பதியும் காலத்து நேர அட்டவணையில் அத்தகைய ரயில் இருந்து, அது வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ நிற்குமாயின், கோட்டைப் படிகளையே தவிர்த்துவிடலாம். இதை விசாரிக்காமல் பதியாதீர்கள்.

சீட்டில் பெட்டியின் எழுத்தும் ஆசன இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். முதலில் பெட்டியின் வெளிப்புறத்தில் எழுத்தைப் பாருங்கள். பிறகு உள்ளே ஜன்னலுக்கு மேலே இலக்கத்தைத் தேடுங்கள். உங்கள் ஆசனத்தில் வேறொருவர் இருந்தால் சீட்டைக் காட்டினால் போதும். பெரும்பாலும் மறுபேச்சின்றி எழுந்துவிடுவார்கள். இறங்கும் நிலையத்து வாசலில் சீட்டைக் கேட்பார்கள் என்பதால் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

பொல்காவலையில் பிரதான பாதையை விட்டுப் பிரிந்த பின் ரயில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிறது. ஏதோ ஒரு சிறிய நிலையத்தில் காரணமின்றி நிற்பதுபோல் தோன்றினால், எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட்டு நிற்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தாமதத்துக்குப் பாதிக் காரணம் அதுவே. மாகோவில் கிழக்குப் பாதையும் மதவாச்சியில் தலைமன்னார்ப் பாதையும் பிரிந்து போகும். வவுனியா தாண்டியதும் காடும் பனையும் மாறி மாறி வரும். ஆனையிறவில் இருபுறமும் நீர் விரியும். அங்கே பிள்ளைகளை உறங்க விடாதீர்கள்.

காங்கேசன்துறை வரையிலான பாதை 1905இல் முழுமை பெற்றது. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. உங்கள் அம்மாவும் அதுவும் ஏறக்குறைய ஒரே வயதினர். 1990இல் போரினால் நின்றுபோன சேவை, இந்திய உதவியுடன் பாதை மீண்டும் போடப்பட்டு, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் திரும்பியது. சிறுவயதில் அம்மா அந்த ரயிலில் போயிருந்தால், பிள்ளைகளுக்கு வழிகாட்டி அவரேதான். கைத்தொலைபேசியை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டு அவரைப் பேச விடுங்கள்.

கேள்வி: எங்கள் உறவினர் வீடு சுன்னாகத்தில். யாழ்ப்பாணம் நிலையத்தில் இறங்கி ஓட்டோ பிடிப்பதா, அல்லது ரயிலிலேயே மேலே போவதா? சாப்பாட்டை எங்கே பார்த்துக்கொள்வது?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று நிலையங்கள் நெருக்கமாக இருக்கின்றன. ஆயினும் எல்லா ரயில்களும் எல்லாவற்றிலும் நிற்பதில்லை. உங்கள் ரயில் சுன்னாகத்தில் நிற்குமாயின் காங்கேசன்துறை வரை போகும் அதே ரயிலில் இருந்துவிடுங்கள். பொதிகளோடு ஓட்டோக்காரரிடம் பேரம் பேசும் வேலை மிச்சம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: சிறிய நிலையங்களில் தரிப்பு மிகக் குறைவு. முந்திய நிலையம் கடந்தவுடனேயே பொதிகளை இறக்கிக் கதவருகே வந்துவிட வேண்டும். ரயில் நகரத் தொடங்கிவிட்டால் குதிக்காதீர்கள். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவதுதான் என் கட்சி. இடியப்பமும் சம்பலும் காலையில் கட்டினால் பத்து மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், தேங்காய்ப்பூ வெக்கையில் நிற்காது; புளிச்சாதம், ரொட்டி போன்றவை மதியம் வரை தாங்கும். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் போதாது, இரண்டாக வையுங்கள். கழிவறைக் குழாயில் பாதி வழியிலேயே தண்ணீர் தீர்ந்துபோவதும் உண்டு. இதற்காக இறால் வடைக்காரரைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. சுடச்சுட இருந்தால் வாங்கலாம். பாடசாலைக் கொப்பித் தாளைச் சுருட்டி அதில் கடலை தருவார்கள்; தின்று முடித்ததும் தாளை விரித்துப் பார்த்தால் யாரோ ஒரு பிள்ளை பிழையாகச் செய்த வகுத்தல் கணக்கு இருக்கும். வயிறு இலகுவில் கெடுபவர் மட்டும் வெட்டி வைத்த பழங்களைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: பல்கலைக்கழக அனுமதி கிடைத்து முதன்முறையாகத் தனியே மட்டக்களப்புக்கு இரவு ரயிலில் போகிறேன். அயர்ந்து தூங்கிவிட்டால் என்ன செய்வது? யானைகள் மோதுவதாகச் சொல்கிறார்களே, பயமாக இருக்கிறது.
– மாணவர், வத்தளை

பதில்: மட்டக்களப்பு பாதையின் கடைசி நிலையம் என்பதால் தூங்கிப்போனாலும் ரயில் உங்களைத் தாண்டிக் கொண்டுபோகாது. வந்தாறுமூலை வளாகத்துக்குப் போவதாயின் ஏறாவூரில் இறங்குவது கிட்டவாக இருக்கலாம். அப்படியாயின் வாழைச்சேனை வரும் நேரத்துக்குக் கைத்தொலைபேசியில் அலாரம் வையுங்கள். அதற்குப் பிறகு கண்ணயர வேண்டாம். சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை மேலே தட்டில் வைக்கும் பையில் போடாமல், தலைக்கு வைத்துக்கொள்ளும் சிறிய பையில் வைத்திருங்கள். ஜன்னலோரம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பதை நிலையங்களில் ரயில் நிற்கும்போது தவிர்த்துக்கொள்ளுங்கள்.

யானை விடயத்தில் உங்கள் பயம் ஆதாரமற்றதன்று. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பக்கத்தில் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. பெட்டிகள் தடம் புரண்டன. ஆயினும் பயணிகள் எவருக்கும் உயிராபத்து நேரவில்லை. கல்லோயாச் சந்தியை அண்டிய காட்டுப் பகுதியில் ரயில் ஊர்ந்து போனால் அதற்காகச் சலித்துக்கொள்ளாதீர்கள், யானைகளுக்காகத்தான் வேகத்தைக் குறைக்கிறார்கள். விடிந்தபின் சேரும் நேரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டியே வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். பிந்தினால் அவர்கள் கலங்கமாட்டார்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு மலையக ரயிலைக் காட்ட வேண்டும். இப்போது பதுளை வரை போகலாமா?
– வாசகர், தெமட்டகொடை

பதில்: 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டன. எனவே எதுவரை ரயில் ஓடுகிறது என்பதை 1919 என்ற அரச தகவல் நிலையத்து இலக்கத்திலோ கோட்டை நிலையத்திலோ அந்த வாரத்திலேயே கேட்டு அறிந்த பின் விடுதியைப் பதியுங்கள். விடுதியைப் பதிந்துவிட்டு ரயிலைத் தேடாதீர்கள். கண்டி வரைதான் ஓடுகிறது என்றாலும் மனந்தளர வேண்டாம். றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரையிலான ஏற்றம் பிள்ளைகளுக்குப் போதிய காட்சி. கொழும்பிலிருந்து போகும்போது அங்கே வலப்பக்க ஜன்னல்தான் நல்லது.